மின்னொளிக் கபடி: ஓடும் ஆட்டத்தைக் கூர்மையாகப் படம் பிடிக்க

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி வட்டாரத்தில் கேமரா பழகும் இளைஞர் எடுக்கப்போகும் முதல் விளையாட்டுப் படம் பெரும்பாலும் கபடிப் படமாகத்தான் இருக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், தை மாதத்திலிருந்தே கடைத்தெருச் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற சுவரொட்டிகள் ஏறத் தொடங்கும். மேட்டூர் தண்ணீர் வந்து அடுத்த உழவு தொடங்கும் வரை பள்ளி மைதானம், கோயில் திடல், அறுத்த வயல் என்று எங்கு இடம் கிடைத்தாலும் கோடு போட்டுவிடுவார்கள். எடைப் பிரிவு வைத்து நடத்தும் போட்டிகளில் பள்ளிக்கூடப் பையன்கள் ஊர் ஊராக வந்து ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளின் அணிகளும் வருகின்றன.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. ஆண்கள் அணியில் மன்னார்குடி பக்கத்து வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார்; பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த உயரத்துக்குப் போகிறவர்களை எடுக்க உலகத்துக் கேமராக்கள் எல்லாம் வந்துவிடும். ஊர்த் திடலில் ஆடும் பிள்ளைக்கு வாய்ப்பது நாம் எடுக்கும் படம் மட்டும்தான். அதனால் அது மங்கலாகவும் கலங்கியும் இருக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

படம் கலங்குவதற்கு லென்ஸ்தான் காரணம் என்று பலர் நினைத்துக்கொண்டு கடன் வாங்கி லென்ஸ் வாங்குகிறார்கள். நல்ல லென்ஸ் உதவும்; மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் தெரியாதவர் கையில் எந்த லென்ஸும் அரை நொடி தாமதமாகத்தான் சுடும். ஒரு ரைடின் 30 நொடிகளுக்குள் உடல் எங்கே வேகமெடுக்கிறது, எங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது என்று தெரிந்தவர், சாதாரணக் கேமராவிலேயே கூர்மையான படம் எடுத்துவிடுவார். இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

திரும்பும் புள்ளிகள்

ரைடர் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு நுழைகிறார். முதல் சில நொடிகள் பக்கவாட்டில் அசைந்து அசைந்து இடம் பார்ப்பார். இந்த நேரத்தில் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றிரண்டு போதும். பிறகு ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்பார். அந்த முடிவை அவர் கண் சொல்லாது, ஏமாற்றும். இடுப்பும் ஊன்றுகாலும்தான் சொல்லும். எடை ஒரு காலில் இறங்கியதும் மறுகால் தொடப் பாயும்.

அப்படிப் பாய்ந்த கால் முழு நீளத்துக்கு நீண்டு, மறுபடி உள்ளே இழுக்கப்படுவதற்கு முன் ஒரு கணம் அசைவற்று நிற்கிறது. போன திசையிலிருந்து எதிர்த் திசைக்குத் திரும்பும் எந்த உறுப்புக்கும் அப்படி ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழி. ரைடர் கையை நீட்டி, மூலையில் நிற்கும் கார்னரைத் தொடும் உச்சி, தாவி ஆளைத் தாண்டும்போது மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்கும் உச்சி (முன்னோக்கிய வேகம் இருந்தாலும் மேல்கீழ் அசைவு அங்கே நிற்கும்), போனஸ் கோட்டைத் தாண்டி வைத்த காலைத் திருப்பும் இடம் எல்லாமே இப்படிப்பட்ட திரும்பும் புள்ளிகள். ஆட்டத்தின் அழகும் அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. குறைந்த ஷட்டர் வேகத்தில் கூர்மை கிடைப்பதும் அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படத்தின் அகலத்துக்குள் களத்தின் 3 மீட்டர் அடங்குகிறது என்று வையுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த அகலம் 6000 புள்ளிகள். களத்தில் 1 செ.மீ. என்பது படத்தில் 20 புள்ளிகள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே பாயும் உடல், 1/500 நொடியில் 1 செ.மீ. நகரும். 20 புள்ளிக்கு இழுபட்ட முகம் செல்பேசித் திரையில் தெரியாமல் போகலாம், அச்சடித்தால் தெரியும். 1/1000 வைத்தால் 10 புள்ளி, 1/2000 வைத்தால் 5. வீசும் கை உடலைவிட வேகமானது. அதன் இழுப்பு இன்னும் கூடுதல். அதே 1/500 நொடியில் திரும்பும் புள்ளியைப் பிடித்தால் இழுப்பு ஏறக்குறைய இல்லை. வெளிச்சம் குறைந்த ஊர்த் திடலில் 1/2000 வைக்க முடியாது. அதனால் இந்த அறிவுதான் நம் மூலதனம்.

பயிற்சி வேண்டுமானால் முதலில் கேமரா இல்லாமல் ஓர் ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு ரைடிலும் உச்சி வருமுன் வாயால் ‘இப்போ’ என்று சொல்லிப் பழகுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். கண்ணுக்கும் விரலுக்கும் இடையில் இருக்கும் தாமதம் குறைவதை நீங்களே உணர்வீர்கள். ஷட்டரைத் தொடர்ச்சியாக அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 8, 10 படம் கிடைக்கும்தான். ஆனால் உச்சி இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிடும் வாய்ப்பும் உண்டு. உச்சிக்குச் சற்று முன் தொடங்கி மூன்று நான்கு படங்களோடு விரலை எடுத்துவிடுவது நல்லது.

வர்ணனையாளர் மைக்கையும் காதில் வாங்குங்கள். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபின் அதன் விதிகள் பல ஊர்ப் போட்டிகளுக்கும் வந்துவிட்டன. இரண்டு ரைடு வெறுமையாகத் திரும்பினால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. அந்த ரைடில் புள்ளி எடுக்காமல் திரும்ப முடியாது. ஏதாவது நடந்தே தீரும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. இந்த இரண்டு அறிவிப்பு காதில் விழுந்ததும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை வியூஃபைண்டரில் வையுங்கள்.

உட்காரும் இடம்

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. கிரிக்கெட், கால்பந்து போல எட்டாத தூரம் கிடையாது. கபடிக்கு நீளமான லென்ஸைவிட நல்ல இடம் முக்கியம்.

ரைடர் எதிர்க் களத்துக்குள் நுழையும்போது அவர் முகம் கடைக்கோட்டைப் பார்த்திருக்கும். ஆகவே கடைக்கோட்டுக்குப் பின்னால், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மூலையை ஒட்டித் தரையில் உட்காருங்கள். முகம், நீண்ட கை, மடங்கிக் காத்திருக்கும் பிடிப்பவர்களின் தோள்கள் எல்லாம் ஒரே படத்தில் அமையும். இன்னொரு நன்மையும் உண்டு. உங்களை நோக்கி வரும் உடல், குறுக்கே ஓடும் உடலைவிடப் படத்தில் குறைவாகவே இழுபடும்.

பிடிபட்டதும் கதை மாறுகிறது. ரைடர் திரும்பி நடுக்கோட்டை நோக்கி விழுவார். நாலு பேர் மேலே கிடக்க, ஒரு கை மட்டும் கோட்டைத் தேடி நீளும். கபடியின் மிகப் பெரிய படம் அதுதான். கடைக்கோட்டிலிருந்து பார்த்தால் வெறும் முதுகுக் குவியல்தான் தெரியும். அதற்கு நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறம், பக்கக் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கே நடுவர் நிற்பார். அவரை மறைக்காமலும் அவரால் மறைக்கப்படாமலும் இரண்டு மூன்று அடி தள்ளி உட்காருங்கள்.

இந்த இடத்துக்கு பேஸ்பால் படம் எடுப்பவர்களின் பழக்கம் ஒன்று அப்படியே பொருந்தும். பேஸ்பாலில் ஓடுகிறவர் எப்படி ஓடினாலும் கடைசியில் பேஸ் என்ற அந்தச் சதுரத்தைத் தொட்டே ஆக வேண்டும். அதனால் அமெரிக்காவில் சிறுவர் ஆட்டம் எடுப்பவர்கள் ஓடுபவரைத் துரத்தாமல், பேஸின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பார்கள். நமக்கு அந்தப் பேஸ் நடுக்கோடு. ரைடர் எங்கே போனாலும் அங்கேதான் திரும்பி வர வேண்டும். கோட்டின் மேல் ஃபோகஸைப் பூட்டி வைத்துவிட்டு, விரல்கள் அதைத் தொட வரும்வரை பொறுத்திருங்கள்.

முதல் பாதியில் கடைக்கோடு, இரண்டாம் பாதியில் நடுக்கோடு என்று பிரித்துக்கொண்டால் போதும். ஆட்டத்தின் நடுவே அங்குமிங்கும் ஓடாதீர்கள். இரண்டு அணியும் மாறி மாறிப் பாடுவதால், கடைக்கோட்டில் இருக்கும் உங்களுக்கு ஒன்று விட்டு ஒரு ரைடுதான் முகம் காட்டும். மறு ரைடின்போது எடுத்ததைச் சரிபார்க்கலாம், மூச்சு வாங்கலாம். முதுகு தெரிகிறதென்று அந்த ரைடை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். 1948 ஜூன் 13 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் பேஸ்பால் வீரர் பேப் ரூத் விடைபெற்றபோது நாட் ஃபீன் பின்பக்கம் போய் நின்றார். குனிந்த முதுகும் சட்டையின் 3-ஆம் எண்ணும் தெரியும் அந்தப் படத்துக்கு 1949-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம் பிள்ளையின் முதுகிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது.

உயரம் பற்றி ஒரே ஒரு சொல்: தரையோடு இருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் பின்னணியில் புழுதியும் கோடும் மட்டும் விழும். முழங்காலிட்டால் ஆடுகிறவர் எழுந்து நிற்பார். பின்னால் கூட்டத்தின் முகங்களோ இருண்ட வானமோ வரும். ஃபிளெக்ஸ் பேனர் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று ஆட்டம் தொடங்குமுன்பே பார்த்துக்கொண்டு, அது பின்னணியில் விழாதபடி மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் குவியலாக வெளியே வந்து விழும் ஆட்டம் இது. கேமராப் பையை முன்னால் வைக்காதீர்கள். அதில் தடுக்கி ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால் எந்தப் படமும் அதை ஈடுகட்டாது. இடம் கேட்க வேண்டியது விழாக் குழுவிடமும் நடுவரிடமும். முதல் ஆட்டத்துக்கு முன்பே போய்க் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

லென்ஸும் அளவுகளும்

கிராப் சென்சார் கேமராவும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் வைத்திருப்பவர் கடைக்கோட்டிலிருந்து நிறைவாக வேலை செய்யலாம். 5 மீட்டர் தூரத்தில் நிற்கும் ரைடர், கேமராவை நெட்டுக்குப் பிடித்தால், தலை முதல் கால் வரை அடங்குவார். நடுக்கோட்டுப் படத்துக்கு 85 மி.மீ. சரியாக இருக்கும். 70-200 எஃப் 2.8 இருந்தால் வசதி. இல்லாததால் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கேமராவோடு வரும் எஃப் 5.6 ஜூம் லென்ஸ் பகலுக்கு மட்டும்தான் உதவும்.

சித்திரை வெயிலின் உச்சிப் பொழுதில் எஃப் 4, ஐஎஸ்ஓ 200, 1/3200 வரை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த வெயிலில் கண் குழிக்குள் கறுப்பு நிழல் விழும். முகம் முகமாக இருக்காது. மாலை நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்தபின் எடுப்பதே அழகு. ஐஎஸ்ஓ 400-க்கு ஏற்றினால் 1/1000 சுலபமாக நிற்கும்.

இரவில் எஃப் 2, 1/500, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். எஃப் 2.8 லென்ஸானால் ஐஎஸ்ஓ 6400. புள்ளி புள்ளியாக இரைச்சல் வருமே என்று அஞ்சி ஷட்டரை 1/200-க்கு இறக்கிவிடுகிறார்கள் பலர். இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். இழுபட்ட முகத்தைத் திருத்த வழியே இல்லை.

எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள். வானம் கறுப்பு, பனியன் வெள்ளை, நடுவில் நம் பிள்ளைகளின் மாநிற முகம். தானியங்கி அளவில் விட்டால் வானத்தைப் பார்த்து ஒரு படத்தை வெளுப்பாக்கும், பனியனைப் பார்த்து அடுத்த படத்தை இருட்டாக்கும். ஆட்டத்துக்கு முன் அணிகள் உடற்பயிற்சி செய்யும்போதே ஒரு முகத்தை எடுத்துப் பார்த்து அளவைப் பூட்டிவிடுங்கள். களத்தின் இரண்டு பாதியிலும் எடுத்துப் பாருங்கள். விளக்குக் கம்பம் ஒருபுறம் தள்ளி இருந்தால் வெளிச்சம் இரண்டு மடங்குகூட மாறும். நிறத்துக்கு, அதே விளக்கின் கீழ் யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டியை எடுத்து வைட் பேலன்ஸ் பூட்டலாம். துவைத்துக் கஞ்சி போட்ட வேட்டி நம் திடலில் எப்போதும் இருக்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். பாடி வருகிறவரின் கண்ணில் ஒளி அடித்தால் அது அவர் ஆட்டத்தைக் கெடுப்பது. இதில் விதிவிலக்கே இல்லை என்பது என் கருத்து.

விளக்கின் துடிப்பு

ஒரே அளவில் அடுத்தடுத்து எடுத்த நாலு படத்தில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் ஒன்று மஞ்சளாகவும் வந்தால் கேமரா கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஒரு துடிப்பின் நீளம் 1/100 நொடி. 1/500-இல் எடுக்கும்போது அந்தத் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கிறது; அது ஏறும் பங்கா இறங்கும் பங்கா என்பது அதிர்ஷ்டம்.

இன்றைய கேமராக்கள் பலவற்றில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்ற வசதி இருக்கிறது. துடிப்பின் உச்சியில் மட்டும் ஷட்டரைத் திறக்கும். மெனுவில் தேடி இயக்கிவிடுங்கள். ஜெனரேட்டரில் எரியும் விளக்கானால், அதன் வேகம் ஏறி இறங்கும்போது இந்த வசதி தடுமாறலாம்; அப்போது சிறு தொடர்களாக எடுத்து நல்லதைப் பொறுக்குவதுதான் வழி. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை இரவு ஆட்டத்துக்குத் தொடவே வேண்டாம். எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டரே சரி. ஆட்டம் முடிந்தபின் எடுக்கும் குழுப் படத்துக்கு 1/100 வைத்துவிட்டால் ஒரு துடிப்பு முழுதாகக் கிடைத்துவிடும், தொல்லை தீரும்.

ஃபோகஸ்

200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் திறந்து 10 மீட்டர் தூரத்தில் எடுத்தால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 40 செ.மீ. நீட்டிய கை கூர்மையாக இருந்தால் முகம் கலங்கும் என்று பொருள். முகத்தையே தேர்ந்தெடுங்கள். கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் வைத்து 5 மீட்டரில் எடுத்தால் 80 செ.மீ. கிடைக்கும், சிறிய லென்ஸுக்கு இப்படியும் ஒரு நன்மை.

தொடர் ஃபோகஸ் அவசியம். கேனனில் அதற்குப் பெயர் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கபடியில் சிக்கல் என்னவென்றால் ஏழு பேர் கையைக் கோத்துக்கொண்டு ரைடருக்கும் நமக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பார்கள். கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அருகில் இருக்கும் முதுகுக்குத் தாவிவிடும். ஒற்றைப் புள்ளியோ சிறு வட்டமோ தேர்ந்தெடுத்து ரைடரின் நெஞ்சில் வையுங்கள். ஃபோகஸ் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தாவும் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு மெனுவில் இருந்தால் அதைத் தாமதத்தின் பக்கம் நகர்த்துங்கள். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. கைகோத்தவர்களின் சங்கிலி குறுக்கே வரும்போது கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் இருந்த இடத்தில் நிற்கும், அவர்கள் விலகியதும் மறுபடி அழுத்தலாம்.

செல்பேசியில் எடுப்பவர்கள் பகல் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், முதன்மை லென்ஸில், அருகில் உட்கார்ந்து தொடர்படமாக எடுங்கள். இரவில் செல்பேசி ஷட்டரைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். அப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு, பயிற்சியாளர் முகம், வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள், கோப்பை ஆகியவற்றை எடுப்பது பயன்.

புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். தை, மாசி இரவில் பனி இறங்கி முன்கண்ணாடி மூடிக்கொள்ளும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று கழுத்திலேயே கிடக்கட்டும். ஏசி போட்ட காரிலிருந்து கேமராவை எடுத்தால் உடனே வேர்க்கும். அரை மணி முன்பே வெளியே எடுத்துப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

பிள்ளைகளின் படம்

ஆடுகிறவர்கள் சிறுவர்கள். இதை மறந்துவிட்டு எடுக்கிற படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதை நான் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். விழாக் குழுவிடம் பெற்ற அனுமதி களத்தோரம் உட்காரத்தான் செல்லும். இணையத்தில் போடவும் அச்சிடவும் பெற்றோரிடமோ அணியின் ஆசிரியரிடமோ தனியாகக் கேட்க வேண்டும்.

பிடியில் உடை விலகுவது கபடியில் சாதாரணம். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் எடுக்கும்போதே அந்தக் கோணத்தைத் தவிர்க்கலாம். தவறிப் படத்தில் விழுந்துவிட்டால் கார்டிலேயே அழித்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அடிபட்டு அழும் பையனின் படத்தை யாரிடமும் காட்டாதீர்கள். ஒரு பெண் கபடி ஆடப் போவதற்கு வீட்டில் எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பது நம் ஊரில் வாழும் எவருக்கும் தெரியும். ஒரு மோசமான படம் அந்த அனுமதியைப் பறித்துவிடும். நல்ல படம் ஒன்று, வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டால், அடுத்த ஆண்டுக்கான அனுமதியையும் சேர்த்து வாங்கித் தரும்.

பெயர் தவறாமல் எழுத ஒரு வழி: ஆட்டம் தொடங்குமுன் ஸ்கோரர் மேசையில் இருக்கும் அணிப் பட்டியலை அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை எண்ணை வைத்துப் பிறகு பெயரைச் சரிபார்க்கலாம். ஊர்ப் பெயர், அணியின் பெயர், எடைப் பிரிவு, தேதி நான்கும் ஒவ்வொரு படத்தோடும் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளை எங்கேயாவது உயர்ந்து நிற்கும்போது அந்தக் குறிப்புக்கு மதிப்பு தெரியும்.

எடுத்த படங்களை வன்தட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு போட்டிக்கு இருபது நல்ல படம் தேறினால் போதும். அந்த வாரத்துக்குள்ளேயே முழு அளவில் அணிகளின் ஆசிரியரிடமோ பயிற்சியாளரிடமோ சேர்த்துவிடுங்கள். முடிந்தால் தோற்ற அணிக்கும் ஒரு படத்தை அச்சடித்துக் கொடுங்கள். முதல் சுற்றிலேயே வெளியேறி, நள்ளிரவில் வேனில் ஊர் திரும்பும் பிள்ளைகளை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களையும் எடுங்கள்.